எட்டாவது கன்னி

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஏரிக்கரையில் கன்னிமார் கற்கள் இருக்கின்றன. எந்த ஏரிக்கரையில்தான் இல்லை என்று கேட்பீர்கள். எல்லா ஊரிலும் ஏழு கல் இருக்கும், இந்த ஊரில் எண்ணினால் எட்டு. எட்டாவது கல் மற்றவற்றைவிடச் சற்றே பெரியது. இடுப்பில் பாவாடைத் துணி சுற்றியிருப்பார்கள். அந்தக் கல்லுக்கு இனியா என்று பெயர். கல்லுக்கு ஒரு அண்ணனும் உண்டு. காசி என்று பெயர், முப்பத்தாறு வயது, திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டுகிறான். கன்னிமார் கொண்டுபோய்விட்டதாக ஊரே நம்புகிற அந்தத் தங்கை, ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். ஊரில் அது காசி ஒருவனுக்குத்தான் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

காசியைக் கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. சவாரிக்கு வருகிறவர்களிடம் ஐந்து ரூபாய் கூடக் கேட்க வாய் கூசுகிறவன். பொய் பழகியவன் சொல்லும் பொய் ரெண்டு நாளில் வெளுத்துவிடும். இவனைப் போலப் பழக்கமில்லாதவன் ஒன்று சொன்னால் அது கல்லாய் நின்றுவிடுகிறது. இவன் விஷயத்தில் அப்படித்தான் நின்றது.

இனியாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பி சகாதேவனுக்கு அவளைக் கட்டிக்கொடுப்பது என்று அவள் பிறந்த அன்றைக்கே பேச்சு. தகப்பன் இல்லாத வீடு. சகாதேவன் சொன்னதுதான் அங்கே சட்டம். இனியா, உடன் படித்த வளவனை விரும்பினாள். வளவன் ஊருக்கு வெளியே இருக்கும் தெருவைச் சேர்ந்தவன். விஷயம் சகாதேவன் காதுக்கு அரைகுறையாக எட்டியபோது, அவன் கத்தவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, அப்படி ஏதாவது நடந்தால் ஏரியில் வண்டல் எடுத்த பள்ளம் சும்மாதான் கிடக்கிறது என்று அக்காளிடம் சொல்லிவிட்டு மோர் கேட்டான். அந்த மோரை ஊற்றிய கை காசியுடையது. மாமன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வளவனும் அவன் வீட்டாரும் இரண்டு மாதம் முன்பே பிழைப்புக்கு ஓசூர் போய்விட்டிருந்தார்கள். ஆவணியில் முகூர்த்தம் குறித்தாயிற்று. ஆடி இரண்டாம் வெள்ளியன்று, கன்னிமாருக்கு மஞ்சள் பூசிவிட்டு வருகிறேன் என்று சொல்லி இனியா வீட்டைவிட்டுக் கிளம்பினாள். காசி ஆட்டோவைக் கரைக்குப் பின்னால் மதகடியில் நிறுத்திக் காத்திருந்தான். புங்கமர மறைவில் அவள் பாவாடை தாவணியைக் களைந்து சுடிதார் போட்டுக்கொண்டாள். அப்புறம் செய்ததுதான் வினை. கன்னிமாரிடம் ஒன்றைக் கேட்கிறவர்கள் புதுப் பாவாடை வைத்துக் கும்பிடுவது வழக்கம். அவளிடம் புதிது ஏது? கழற்றியதையே மடித்து, தலையிலிருந்த பூவையும் எடுத்து அதன்மேல் வைத்து, தாயே காப்பாத்து என்று கும்பிட்டாள். கற்களுக்கு முன்னால் செருப்போடு நிற்கக் கூடாதே என்று செருப்பைக் கழற்றியிருந்தாள். காசி ஹாரன் அடித்தான். வெறுங்காலோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில்தான் இருவரும் அவள் காலைப் பார்த்தார்கள். புதுச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்து ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.

தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி இரண்டு நாள் ஓட்டுவது, அதற்குள் அங்கே தாலி கட்டிக்கொள்வது. இவ்வளவுதான் அவர்கள் போட்ட திட்டம். காசி ஊருக்குத் திரும்பியபோது ஊரே கரைமேல் நின்றுகொண்டிருந்தது. கற்களுக்கு முன்னால் மடித்த பாவாடை, பூ. தண்ணீரைப் பார்த்தபடி ஒரு ஜோடி செருப்பு. உச்சிவேளையில் கன்னிமார் ஏரியில் இறங்கிக் குளிப்பார்கள், அந்நேரம் பூவும் மஞ்சளுமாக வயசுப்பெண் தனியே கரைக்குப் போனால் தங்களோடு சேர்த்துக்கொள்வார்கள் என்பது அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். ஆடு மேய்க்கிற ஒருத்தி வேறு, தூரத்திலிருந்து பார்த்தேன், பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள், எண்ணிப் பார்த்தேன், எட்டுப் பேர் என்று மார்பில் அடித்துக்கொண்டு சொன்னாள். அவள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் கரையில் யார் நின்றிருந்தாலும் எட்டுதான் எண்ணியிருப்பார்கள்.

அந்த வருஷம் கோடை மழையிலேயே ஏரி பாதி நிரம்பியிருந்தது. முங்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள், இறங்கித் தேடினார்கள், பள்ளத்துச் சேற்றில் எதுவும் கிடைக்கவில்லை. கன்னிமார் கொண்டுபோனால் உடம்பைத் திருப்பித் தரமாட்டார்கள் என்றது ஊர். சகாதேவன் தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்து அழுதான். காசி அவனைப் பார்த்தான். இப்போது வாயைத் திறந்தால் இந்தக் கண்ணீர் அப்படியே வெட்டரிவாளாகிவிடும் என்று பட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, தானே சொல்லியிருக்கக்கூடிய பொய்யைவிட நல்ல பொய்யாக ஊரே ஒன்றைச் சொல்கிறது. அவன் சும்மா இருந்துவிட்டான். அவன் செய்த தப்பு அவ்வளவுதான், ஆனால் அது சின்னத் தப்பில்லை.

கன்னிமார் கொண்டுபோனவளுக்குக் கருமாதி கிடையாது. அழவும் கூடாது. தெய்வமானவளுக்காக அழுதால் அவளுக்கு ஆகாது என்பார்கள். அவன் அம்மா ஜோதியம்மாளை ஊரே சேர்ந்து அழவிடாமல் பார்த்துக்கொண்டது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு படுத்தவள் எழுந்திருக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஆறு மாதத்தில் பாதியானாள். காசி எத்தனையோ தடவை அவள் பாய் ஓரத்தில் போய் உட்கார்ந்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பான், வாசலில் சகாதேவன் வண்டிச் சத்தம் கேட்கும், எழுந்துவிடுவான்.

மறு ஆடியில் எட்டாவது கல் நட்டார்கள். பம்பை அடித்தார்கள். துரும்பாகக் கிடந்த ஜோதியம்மாள் எழுந்தாள், ஆடினாள், இனியாவின் குரலில் பேசினாள். "யம்மா, நான் நல்லா இருக்கேன், நீ சாப்பிடு," என்றாள். தன் வாயால் தனக்கே சொல்லிக்கொண்டாள். காசியைப் பார்த்து "அண்ணா" என்றாள். பெற்றவள் தன்னை அண்ணா என்று கூப்பிட்டதும் அவன் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அன்று மத்தியானம் அவள் உட்கார்ந்து இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். அதைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல அவன் என்ன கல்நெஞ்சனா?

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் இனியா வந்தாள். பிள்ளையில்லாதவர்கள் வந்தார்கள், கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் வந்தார்கள். நேற்றுவரை தம்பி பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்த ஜோதியம்மாள் முன்னால் அந்தத் தம்பியே விழுந்து கும்பிட்டான். காசி திருநீற்றுத் தட்டோடு பக்கத்தில் நிற்பான். கன்னிக்கு அண்ணன் என்று அவனுக்கும் ஒரு மரியாதை. அது அவனுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. மறைத்து என்ன பயன்?

மறுபுறம் உயிரோடு ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு என்ன சொல்வது? காசி இரண்டாவதாக ஒரு சிம் வைத்திருந்தான். ஆட்டோ ஸ்டாண்டில் அவனுக்கு எங்கேயோ ஒரு தொடுப்பு இருக்கிறது என்று கிண்டல் செய்வார்கள். வந்த வரன்களையும் அவன் தட்டிக்கழித்ததால் அது உறுதியே ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை தங்கையிடம் பேசுவான். கல் நட்டதைச் சொல்லவில்லை. சாமி வந்ததைச் சொல்லவில்லை. அம்மா கோபமா இருக்காங்க, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடறாங்க, வர வேணாம்னுட்டாங்க என்றான். முதல் வருஷம் அவளைக் காப்பாற்றுவதற்காக இந்தப் பொய்யைச் சொன்னான். அப்புறம் அம்மாவைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னான். கடைசிக் கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னான். இனியா முதலில் அழுவாள். பிறகு, சரிண்ணா, சாப்பிட்டாங்களான்னு மட்டும் சொல்லு என்பாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோதுகூட அம்மா மனசு மாறவில்லை என்றே சொன்னான்.

ஒன்பதாவது வருஷம் ஓர்லா வந்து சேர்ந்தாள். அயர்லாந்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். வெளிநாட்டார் தியானத்துக்கு வருவார்கள், மலை சுற்ற வருவார்கள். இவள் மலையில் தேவதைகளைப் பார்க்க வந்தவள். காசியின் ஆட்டோவில் போகும்போது, தன் ஊரிலும் அப்படிப்பட்ட பெண்கள் உண்டு, அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம், நல்லவர்கள் என்றுதான் சொல்வோம், அவர்கள் குடியிருக்கும் முள்மரத்தில் கிளைகூட ஒடிக்க மாட்டோம் என்றாள். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களும் நம்புகிறார்களா என்று காசி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டான். பகலில் நம்பமாட்டார்கள், ஆனால் பகலிலும் ஒடிக்கமாட்டார்கள் என்றாள். காசிக்கு அவளைப் பிடித்துப்போனது. பேச்சுவாக்கில் எங்கள் ஊரிலும் ஏழு பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டான். நுணலும் தன் வாயால் கெடும்.

ஓர்லா ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். ஆடுகிற ஜோதியம்மாள் காலில் விழுந்தாள். எல்லாவற்றையும் போனில் பிடித்து, மாலை போட்ட இனியாவின் போட்டோவையும் சேர்த்து, நல்ல எண்ணத்தோடுதான் இணையத்தில் போட்டாள். பத்தே நாளில் அதை லட்சம் பேர் பார்த்தார்கள். அந்த லட்சத்தில் ஒருத்தி, ஓசூர் ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்த இனியா.

அவள் கூப்பிட்டபோது காசி சவாரியில் இருந்தான். எடுத்ததும் அந்தப் பக்கம் அழுகையில்லை, கத்தலில்லை.

"என் போட்டோவுக்கு மாலை போட்டது யாருண்ணா?" என்றாள்.

காசி வண்டியை ஓரம் கட்டினான். பின்சீட்டில் இருந்தவர் இறங்கி வேறு ஆட்டோ பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவனுக்கு அது தெரியவே இல்லை. இனியாவுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விமானம். அவள் முன்னால் போகிறாள், வளவனும் குழந்தையும் ஆறு மாதம் கழித்து. போவதற்குள் அம்மாவைப் பார்த்தே ஆகவேண்டும், நீ கூட்டிவராவிட்டால் நானே ஊருக்கு வருவேன் என்றாள். ஊருக்கு வந்தால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

காசி நேரே ஓர்லாவிடம் போனான். ஒன்பது வருஷத்தில் முதல்முதலாக அவன் உண்மையைச் சொன்னது அவளிடம்தான். அவள் திகைத்துப்போய் வீடியோவை எடுத்துவிட்டாள்; ஆனால் அதற்குள் அதை யார் யாரோ இறக்கி, யார் யாருக்கோ அனுப்பியிருந்தார்கள். இந்த அக்கா எங்க ஆஸ்பத்திரி நர்ஸ் மாதிரியே இருக்காங்களே என்று ஓசூரிலிருந்து எவனோ எழுதியிருந்ததையும் ஆட்கள் பார்த்திருந்தார்கள். ஓர்லாவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நம்பிக்கை கலங்கவில்லை. உன் தங்கை உயிரோடிருப்பதால் அந்தக் கரையில் எட்டாவது ஒருத்தி இல்லை என்று ஆகிவிடாதே என்றாள். காசிக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் திங்கட்கிழமை தாயும் மகளும் சந்திக்கத் தன் மாடிவீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுப் போனவளும் அவள்தான்.

வெள்ளைக்காரம்மா பார்க்கணுமாம் என்று சொல்லித்தான் அம்மாவை அழைத்துவந்தான். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினான். ஒரு இடத்தில் டீ வாங்கிக் கொடுத்தான். இன்னொரு இடத்தில் டயரைப் பார்த்தான். வாய் வரவில்லை. கதவைத் திறந்து அம்மாவை உள்ளே விட்டபோதுகூட அவன் சொல்லியிருக்கவில்லை.

இனியா எழுந்து நின்றாள். உடம்பு போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், இடுப்பில் நாலு வயதுப் பெண்குழந்தை. "யம்மா," என்றாள்.

ஜோதியம்மாள் அவள் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள். அப்புறம் குனிந்து அவள் கால்களைப் பார்த்தாள். தெய்வப்பெண்களுக்குக் கால் தரையில் பாவாது, கண் இமைக்காது. இவள் கால் தரையில் அழுந்தி நின்றது. கண் இமைத்து இமைத்து நீர் வடித்தது. ஜோதியம்மாள் பின்னால் நகர்ந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ என் பொண்ணு இல்லடா காசி," என்றாள். "என் பொண்ணு வெள்ளிக்கெழம தவறாம என்கிட்ட வர்றவ. அவளால ஒம்போது வருஷம் ஒரு வார்த்தை பேசாம இருக்க முடியாது. இவ யாரோ. அவ உருவம் எடுத்துக்கினு வந்திருக்கா."

"நீதானம்மா வர வேணாம்னு சொன்ன," என்றாள் இனியா.

"நான் எப்போ சொன்னேன்?"

இருவரும் காசியைப் பார்த்தார்கள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மதகடியில் ஆட்டோ நின்றதிலிருந்து இரண்டாவது சிம் வரைக்கும், விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் சொன்னான். அடிப்பார்கள் என்று நினைத்தான். அடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். யாரும் அடிக்கவில்லை. ஜோதியம்மாள் கதவை விட்டுவிட்டு மகன் எதிரில் வந்து குந்தினாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்போ இத்தினி வருஷமா என் மேல வந்து பேசினது யார்றா?"

குழந்தை பயந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஜோதியம்மாள் மெல்லக் கையை நீட்டி இனியாவின் பாதத்தைத் தொட்டாள். சூடாக இருந்தது. வெடிப்பு விட்டிருந்தது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவளின் கால். அதைப் பிடித்துக்கொண்டு அவள் அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை அது. பிணத்தைக் கூடத்தில் போட்டுக்கொண்டு அழுவார்களே, அந்த அழுகை. மார்பில் அடித்துக்கொண்டு, பெயர் சொல்லி, என் பொன்னே போனியே என்று ராகம் இழுத்து அழுகிற அழுகை. ஒன்பது வருஷம் முன்னால் ஊர் அழவிடாத அழுகையை, உயிரோடிருக்கிற பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். இனியா எழுந்திருக்காமல் அந்த மடியில் கிடந்தாள். காசிக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் மனமில்லை.

மாலையில் ஜோதியம்மாள் தன் கையாலேயே இட்லி பிட்டு மகளுக்கும் பேத்திக்கும் ஊட்டினாள். ஊரில் யார் காதுக்கும் விஷயம் போகக் கூடாது என்றாள். சகாதேவன் இருக்கும்வரை போகவே கூடாது. நீ வெள்ளிக்கிழமை ஏறிப் போய்விடு என்று மகளிடம் சொன்னாள். காசியிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊர்வரைக்கும் ஆட்டோவின் பின்சீட்டில் வெளியே பார்த்தபடியே வந்தாள்.

வெள்ளிக்கிழமை. ஆடி மூன்றாம் வெள்ளி வேறு. கரை கொள்ளாத கூட்டம். காலை பத்து மணிக்கு பெங்களூரில் விமானம் கிளம்பிவிட்டது என்று வளவன் செய்தி அனுப்பியிருந்தான். ஒன்றரைக்கு இறங்கும். பம்பைக்காரர்கள் அடித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். ஜோதியம்மாள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக் கற்களுக்கு முன்னால் நின்றாள். ஒன்றும் வரவில்லை. அரைமணி நேரம் அடித்தார்கள். பம்பைக்காரனுக்கு வியர்த்து ஊற்றியது. அவள் மரம் மாதிரி நின்றாள். கூட்டத்தில் சலசலப்புக் கிளம்பியது.

அப்போதுதான் சகாதேவன் முன்னால் வந்தான். கையில் போன் இருந்தது. ஓசூர்க்காரன் எழுதியதை அவனுக்கு யாரோ படித்துக் காட்டியிருந்தார்கள். அவனுக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். ஆனாலும் ஏமாந்தோமோ என்கிற எண்ணம் வந்துவிட்டால் அந்த மாதிரி ஆட்களுக்கு ஒன்பது வருஷமும் ஒரு நாளும் ஒன்றுதான். அவன் வெற்றிலையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தி, எட்டாவது கல்லின் முன்னால் தரையில் வைத்தான். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சத்தியம் இல்லை. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சொன்னது பொய்யானால், யாரைப் பற்றிச் சொன்னோமோ அவர்கள் தலையில் அது விடியும்.

"தாயே, குத்தமா எடுத்துக்காத," என்றான் சகாதேவன். "ஊர்ல ஒரு பேச்சு இருக்குது. நீ செத்துத்தான் சாமி ஆனியா, இல்ல எங்கனா உசுரோட இருக்கறியா? அணைச்சுச் சொல்லிடு. அப்பால நான் எதுவும் கேக்கமாட்டேன்."

தெய்வத்திடமே சத்தியம் கேட்கிறானே என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் கற்பூரத்தை அகற்றவில்லை. எல்லோருக்கும் பதில் வேண்டியிருந்தது.

ஜோதியம்மாள் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. காசி மட்டும் கும்பிடவில்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டது. நிஜமாகச் சாமி வரும்போது அவள் கண் இமைக்காது. இன்று சாம்பிராணிப் புகை பட்டு இமைத்தது. ஆடிக்கொண்டே அவள் கரைக்கு மேலே வானத்தைப் பார்த்தாள், ஒரே ஒரு தடவை. அந்த நேரத்தில் அவள் மகள் கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருக்கிறாள். பொய்ச் சத்தியத்தின் பலன் பலிக்கும் என்பதில் ஜோதியம்மாளுக்குச் சந்தேகமே கிடையாது. நம்பிக்கை இல்லாதவள் செய்திருந்தால் அது நாடகம். இவள் முழுக்க நம்புகிறவள். காசி வாயைத் திறந்தான், யம்மா வேணாம் என்று கத்த. கத்தினால் எல்லாம் முடிந்துவிடும். மறுபடியும் அவன் சும்மாதான் நின்றான்.

"மாமா," என்றாள் ஜோதியம்மாள், இனியாவின் குரலில். "நான் செத்து ஒம்போது வருஷம் ஆச்சு மாமா."

உள்ளங்கையைக் கற்பூரத்தின் மேல் வைத்தாள். தட்டி எடுக்கவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தாள். வெற்றிலை கருகும் வாசனை வந்தது. அப்புறம் வேறு வாசனையும் வந்தது. சகாதேவன் அலறிக்கொண்டு அவள் காலில் விழுந்து, என்னை மன்னிச்சிடு தாயே என்று மண்ணில் நெற்றியை மோதிக்கொண்டான். அதற்குப் பிறகும் வரிசை நின்றது. இடது கையால் ஒவ்வொருத்தருக்கும் திருநீறு பூசினாள். கடைசி ஆள் போகிறவரை அவள் நிறுத்தவில்லை.

கூட்டம் கலைந்தபிறகு காசி அவளை மதகடியில் நிறுத்தியிருந்த ஆட்டோவில் உட்காரவைத்தான். உள்ளங்கை கொப்புளம் கட்டித் தோல் உரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான், மாட்டேன் என்றாள். மருந்துக்கடையில் ஏதாவது வாங்கிவருகிறேன் என்றான், அசையாதே என்றாள். மணி எத்தனை என்று மட்டும் கேட்டாள். ஒன்றேகால். கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டாள். ஒன்று ஐம்பது. அவள் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காசி காதுகொடுத்துக் கேட்டான். எனக்குக் குடு, அவளை விட்டுடு, எனக்குக் குடு, அவளை விட்டுடு என்று ஏழு கல்லிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு பத்துக்குச் செய்தி வந்தது. இறங்கிட்டேன் என்று ஒரே வார்த்தை. காசி அதைப் படித்துக் காட்டினான். இன்னொரு தடவை படி என்றாள். படித்தான். அவள் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக மகன் பெயரைச் சொன்னாள்.

"காசி, அவளுக்குப் போன் போட்டு வர வேணாம்னு சொல்லு. எப்பவும் வர வேணாம். புருஷன் புள்ளைய இட்டுக்கினு அங்கயே இருக்கட்டும். இந்த ஒரு தடவை வுட்டுட்டாங்க. அவ இந்த மண்ணுல கால் வச்சா நான் பண்ணின சத்தியம் பொய்யாயிடும். மறுபடி வுடமாட்டாங்க."

காசி எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. அம்மா வர வேணாம்னுட்டாங்க என்கிற வார்த்தை ஒன்பது வருஷமாக அவன் நாக்குக்குப் பழகிய வார்த்தை. இப்போது மட்டும் அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. அவன் சொன்னால் இனியா நம்பவும் மாட்டாள்.

"நீயே சொல்லும்மா," என்று போனை நீட்டினான்.

ஜோதியம்மாள் இடது கையால் வாங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் இனியா, அடுத்த ஆடிக்கு லீவு கேட்டுவிட்டேன், நேரே உன்கிட்டத்தான் வருவேன், என்ன வேணும் சொல்லு என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஜோதியம்மாள் குறுக்கே பேசவில்லை. மகள் பேசி முடிக்கிறவரை அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம், "அம்மாதான் பேசறேன் கண்ணு," என்றாள். "வராத."